தடைக்காலம்

போன ஆண்டுவரை நண்டுகளுக்குக் கணக்கெழுதினேன்.
எத்தனை நாள் கடலை மூடினால்
எத்தனை குஞ்சுக்கு ஓடு தடிக்கும் என்று.
மெகல்லன் நீரிணைக் கரையில்
என்னைத் திட்டிக்கொண்டே கிடக்கும் படகுகள்.

ஜூனில் மாகாண அலுவலகத்திலிருந்து அழைப்பு.
"மிலென்கா, உன் சமன்பாட்டில் நண்டை எடுத்துவிட்டு
ஆளைப் போட முடியுமா?"
முடியும். அதுதான் வெட்கம்.
அதே வகைக்கெழு, அதே வளைகோடு.
பெருகட்டும் என்று மூடியது அன்று,
பெருகாதே என்று மூடுவது இன்று.
ஒரு கழித்தல் குறி இடம் மாறியது, அவ்வளவுதான்.

புன்ட்டா அரேனாஸில்
காலை பத்துக்குத்தான் விடியும் மாதம்.
விளக்கைப் போட்டுக்கொண்டு
ஊரை நான்கு பெட்டிகளில் அடைத்தேன்:
இன்னும் வராதவர்,
வந்தும் தெரியாதவர்,
இருமுகிறவர்.
நான்காவதற்கு 'நீங்கியவர்' என்று பெயர்.
பிழைத்தவரும் அதில்தான், புதைக்கப்பட்டவரும் அதில்தான்.
சமன்பாட்டுக்கு இருவரும் ஒன்று.
இனி யாருக்கும் தரமாட்டார்கள்.

பத்தொன்பது நாள் என்று வந்தது விடை.
பதினான்கிலிருந்து இருபத்தாறுக்குள் என்று எழுதித்தான் கொடுத்தேன்,
கோட்டைச் சுற்றி அகலமாக ஒரு சாம்பல் பட்டை.
வானொலியில் பட்டை கேட்காது.
பத்தொன்பது என்றார்கள்.
ரொட்டிக் கடைக்காரர் கண்ணாடியில் பத்தொன்பது கோடு வரைந்து
தினம் ஒன்றை விரலால் அழித்தார்.
என் அக்காள் கணவன் தான்கோ,
மூன்று படகுக்குச் சொந்தக்காரன்,
தொலைபேசியில் சொன்னான்:
"கடலை மூடினாய், தெருவை மூடினாய்,
வானம் மட்டும் ஏன் பாக்கி?"

எட்டாம் நாள் கணக்கு இடித்தது.
ஊர் முழுக்கத் தணிகிறது,
துறைமுகத்துக்குப் பின்னால் மூன்று தெரு மட்டும் ஏறுகிறது.
தரவுப் பிழை என்றார் சாந்தியாகோவிலிருந்து ஒருவர்.
அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

நண்டு ஆலை ஆட்கள் தங்கும் வீடு.
கதவைத் திறந்தவர் சிலோவே தீவுக்காரர்,
ரூபெர்த்தோ மியாலோன்கோ.
எத்தனை பேர் என்றேன். பதினான்கு.
எத்தனை கட்டில். ஏழு.
எனக்குப் புரியவில்லை.
"பகல் வேலைக்காரன் எழுந்ததும்
இரவு வேலைக்காரன் படுப்பான், சென்யோரா.
போர்வை ஆறுவதேயில்லை.
ஆலை ஓடும்வரை எந்த நேரமும் ஏழு பேர்தான்.
நீங்கள் மூடினீர்கள்,
பதினான்கு பேர் ஆனோம்."

நான் எழுதியிருந்தது:
மூடினால் தொடர்பு அறுபது சதவீதம் குறையும்.
வீட்டுக்குச் சராசரி மூன்று புள்ளி ஒன்று பேர்.
சமையலறைத் தரையில் ஒருவன்
பூட்ஸைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.
புள்ளிக்கு முன்னாலா பின்னாலா அவன் என்று
யோசித்துக்கொண்டு நின்றேன்,
வாசற்படி தாண்டாமல்.

அன்றிரவு புதிதாய் ஒரு மாறியைச் சேர்த்தேன்.
கிரேக்க எழுத்தெல்லாம் செலவாகியிருந்தது.
'கட்டில்' என்றே பெயர் வைத்தேன்.
பயணிகள் வராத விடுதி ஒன்றைத்
திறந்துவிடச் சொல்லி எழுதினேன்.
ஒரு கையெழுத்துக்கு ஐந்து நாள் காத்திருந்தது காகிதம்.
அதற்குள் அந்த வீட்டிலிருந்து
மூன்று பேர் நான்காம் பெட்டிக்குப் போனார்கள்.
இருவர் நடந்து திரும்பினார்கள்.
யார் என்று கேட்கத் தொலைபேசியை எடுத்தேன்,
வைத்துவிட்டேன்.

பத்தொன்பது இருபத்துநான்கானது.
பட்டைக்குள்தான், என்றேன்.
யாரும் கேட்கவில்லை.
கடைக்காரரின் கண்ணாடியில்
கோடு தீர்ந்து வெறும் விரல்தடம்.

அக்டோபரில் ஊர் திறந்தது, கூடவே காற்றும்.
சதுக்கத்தில் வழக்கம்போலக் கயிறு கட்டினார்கள்,
பிடிக்காமல் நடந்தால் ஆளைத் தூக்கிவிடும்.
ஒரே கயிறு, எத்தனை கை.
அதற்கு என்னிடம் எண் இல்லை.
கையுறையோடு பிடித்து
அடிமேல் அடியாக நகர்ந்தேன்.
எதிரே ஒருவர் வந்தார், முதுகில் மீன்பெட்டி,
கண்வரை கம்பளித் துணி.
இரண்டு மீட்டர் இருக்கும்போது நின்றார்.
கயிற்றை விட்டுவிட்டு
விளக்குக் கம்பத்தை இரு கையாலும் கட்டிக்கொண்டார்,
நான் கடக்கும்வரை.

அவர் விட்ட கணம்
என் கைக்குள் கயிறு லேசாகத் துள்ளியது.